காகிதச் சுருளில் கேட்ட இதயம்... ஸ்டெதாஸ்கோப் தந்த ரெனே லேனெக்கின் கதை!

காய்ச்சல், சளின்னு எந்த டாக்டரிடம் போனாலும் நெஞ்சில் ஜில்லென்று ஒரு வட்டத்தை வைப்பார். மூச்சை இழுத்து விடச் சொல்வார். அந்த ஒரு சில நொடிகளில் அவர் அப்படி என்னதான் கேட்கிறார்? லப்... டப்... அவ்வளவுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால், அந்த இரண்டு சத்தங்களை விட, அவற்றுக்கு நடுவில் இருக்கிற அமைதியில்தான் டாக்டருக்கு வேலை அதிகம். அதை முதன்முதலில் பொறுமையாக உட்கார்ந்து கேட்டவர், 200 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு பிரெஞ்சு டாக்டர். ஒல்லியான உடம்பு, அடிக்கடி மூச்சிரைப்பு, நேரம் கிடைத்தால் கையில் புல்லாங்குழல். பெயர் ரெனே லேனெக்.

பிரான்ஸின் மேற்கு ஓரம், பிரிட்டனி பகுதியில் உள்ள கெம்பேர் ஊரில், 1781 பிப்ரவரி 17 அன்று பிறந்தார். ஐந்து வயதில் அம்மா போய்விட்டார். காசநோயாக இருக்கலாம் என்கிறார்கள். அப்பா வக்கீல். கவிதை எழுதுவதில் இருந்த ஆர்வம், பிள்ளை வளர்ப்பதில் அவருக்கு இல்லை. அதனால் நான்த் நகரில் டாக்டராக இருந்த அப்பாவின் சகோதரர் கியோம் வீட்டுக்கு வந்து சேர்ந்தான் சிறுவன். அது பிரெஞ்சுப் புரட்சிக் காலம். வீட்டுக்கு எதிரே இருந்த சதுக்கத்தில் கில்லட்டின் நின்றது. தலைகள் விழுவதைப் பார்த்து வளர்ந்த அந்தப் பையன், 14 வயதில் மருத்துவமனையில் உயிர்களைக் காப்பாற்றப் பழகத் தொடங்கினான்.

1801-ல் பாரிஸ். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்விசார். நெப்போலியனின் டாக்டர்! நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டி, வருகிற ஒலியை வைத்து உள்ளே நீர் கோத்திருக்கிறதா எனக் கண்டுபிடிக்கும் முறையைப் பிரபலமாக்கியவர். அந்த முறையைக் கண்டுபிடித்தது ஆஸ்திரியாவின் ஔவன்புருகர். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டிப் பார்த்து ஒயின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்வார்கள் இல்லையா, அதே டெக்னிக்தான். ஆக, உடம்பின் உள்ளே நடப்பதைச் சத்தத்தால் அறியலாம் என்ற எண்ணம் லேனெக்குக்குப் படிக்கும்போதே வந்துவிட்டது.

1816-ல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் வேலை. அந்த வருஷம்தான் நெருங்கிய நண்பரும் டாக்டருமான பேய்ல் காசநோயில் இறந்தார். சில வருஷங்களுக்கு முன் சொந்தத் தம்பியையும் அதே நோய் கொண்டுபோயிருந்தது. இந்த நிலையில்தான் இதயநோய் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தார். பருமனான உடல்வாகு என்பதால் தட்டிப் பார்த்துப் பயனில்லை. அந்தக் காலத்தில் டாக்டர்கள் நெஞ்சில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்பதும் உண்டு. இளம்பெண்ணிடம் அதற்கு இவருக்குக் கூச்சம்.

அப்போது ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நீளமான மரக்கட்டையின் ஒரு முனையைக் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காதை வைத்தவருக்கு அது தெளிவாகக் கேட்கும். (தெருவில் குழந்தைகள் இப்படி விளையாடியதைப் பார்த்துத்தான் ஐடியா வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அவர் எழுதியதில் குழந்தைகள் யாரும் இல்லை!) காகிதங்களை இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். காதை வைத்துக் கேட்டதை விடத் தெளிவாக இதயம் துடித்தது.

காகிதச் சுருள் சீக்கிரமே மரக்குழல் ஆனது. சுமார் ஓர் அடி நீளம். கடைசல் இயந்திரத்தில் அவரே கடைந்தார். இதயத்தைக் கேட்க முனையில் ஓர் அடைப்பான், நுரையீரலைக் கேட்க அதைக் கழற்றிவிட வேண்டும். கிரேக்கத்தில் நெஞ்சு, பார்ப்பது என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சேர்த்து ஸ்டெதாஸ்கோப் என்று பெயர் வைத்தார்.

என்னைக் கேட்டால், குழல் செய்தது பாதி சாதனைதான். அடுத்த மூன்று வருஷங்கள் அவர் செய்ததுதான் பெரிய விஷயம். ஒவ்வொரு நோயாளியின் நெஞ்சிலும் கேட்ட சத்தத்தைக் குறித்து வைப்பார். அந்த நோயாளி இறந்துபோனால், உடலைத் திறந்து, எந்தச் சத்தம் எந்தப் பழுதிலிருந்து வந்தது என்று ஒப்பிடுவார். எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் இல்லாத காலம் அது. லப் டப்புக்கு இடையே சிலருக்குக் கொல்லன் துருத்தி ஊதுவது போலவும், சிலருக்கு அரத்தால் ராவுவது போலவும் சத்தம் வந்தது. கையை வைத்தால் பூனை உறுமுவது போன்ற அதிர்வு. இதைத்தான் இன்று மர்மர் என்கிறார்கள்.

ஆனால், காரணம் சொல்வதில் லேனெக் சறுக்கினார். லப் சத்தம் கீழறைகள் சுருங்கும் நேரத்தில் வருவது என்று சரியாகப் பிடித்தார். டப் என்பது மேலறைகள் சுருங்குவதால் என்று நினைத்தது தப்பு. மர்மருக்கும் தசை இறுக்கமே காரணம் என்று பின்னாளில் முடிவுகட்டினார். அவர் இறந்து சில வருஷங்கள் கழித்துத்தான் வால்வுகள் மூடுவது பற்றிய விளக்கம் வந்தது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள இரண்டு வால்வுகள் மூடும்போது லப். ரத்தம் வெளியேறும் பெரிய குழாய்களின் வாசலில் உள்ள இரண்டு வால்வுகள் மூடும்போது டப். வால்வு சுருங்கிவிட்டாலோ, சரியாக மூடாமல் ஒழுகினாலோ ரத்தம் சுழித்து ஓடும். நம்ம ஊர்க் குழாயில் விரலை வைத்து அடைத்தால் தண்ணீர் சீறுமே, அது மாதிரி. லப்புக்குப் பிறகு சீறினால் ஒரு வகைக் கோளாறு, டப்புக்குப் பிறகு என்றால் வேறு. டப்புக்குப் பிறகு வருகிற மர்மரை டாக்டர்கள் லேசில் விடமாட்டார்கள். அதற்காக மர்மர் என்றதும் பதறவும் வேண்டாம். குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், ரத்தசோகை உள்ளவர்களுக்கும் ஆபத்தில்லாத மர்மர் வருவது சகஜம். சந்தேகம் இருந்தால் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள்.

1819-ல் இரண்டு பாகங்களாகப் புத்தகம் வந்தது. வாங்குகிறவர்கள் கூடுதல் காசு கொடுத்தால் மரக்குழலும் கிடைக்கும். கிண்டல் செய்தவர்களும் உண்டு. புரூசே என்ற செல்வாக்கான டாக்டர் கடைசிவரை எதிர்த்தார். ஆனால் பல நாடுகளிலிருந்து இளம் டாக்டர்கள் கேட்டுப் பழக பாரிஸுக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் லேனெக்கின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. புத்தகம் வந்த கையோடு பிரிட்டனியில் இருந்த தன் கேர்லுவார்னெக் பண்ணை வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஓய்வெடுத்தார். திரும்பி வந்து பேராசிரியரானார், 1824-ல் கல்யாணம் செய்துகொண்டார், புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை எழுதி முடித்தார்.

அதற்குள் இருமலும் காய்ச்சலும் முற்றிவிட்டன. 1826-ல் உறவுக்கார இளம் டாக்டர் மெரியாடெக்கிடம் தன் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். மெரியாடெக் குழலை வைத்துக் கேட்டார், கேட்டதை அப்படியே சொன்னார். முற்றிய காசநோயில் என்ன கேட்கும் என்று லேனெக் தன் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாரோ, அதே சத்தங்கள். அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

மே மாதக் கடைசியில் மனைவியோடு ஊருக்குக் கிளம்பினார். ஆகஸ்ட் 13 அன்று கேர்லுவார்னெக்கில் இறந்தபோது வயது 45. உயிலில் மெரியாடெக்குக்குத் தன் புத்தகங்களையும் கைக்கடியாரத்தையும் எழுதி வைத்திருந்தார். கூடவே, தான் கொடுக்கிறதிலேயே மதிப்பானது என்று குறிப்பிட்டு, தன்னுடைய ஸ்டெதாஸ்கோப்பையும்.