விக்டர் கிரிக்னார்டு: ஈரம் பொறுக்காத ஒரு கண்டுபிடிப்பின் கதை

மேல்நிலை வகுப்பில் வேதியியல் பயிலும் மாணவியருக்குக் கிரிக்னார்டு என்னும் பெயர் புதியதன்று. தேர்வுக்கு முன்னிரவில் அவர் பெயர் தாங்கிய வினைகளை ஒப்பிக்காதவர் நம்மில் யார்? ஆயினும் அப்பெயருக்குரிய மனிதர் யார், அவர் எப்படி அந்த வினையைக் கண்டார் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. அவருடைய நாட்டினர் அப்பெயரைக் கிரீன்யார் என்றே ஒலிப்பர். நாம் நமக்குப் பழகிய வழக்கையே இங்குக் கொள்வோம்.

பிரான்சு நாட்டின் வடகரையில் உள்ள துறைமுக நகரம் செர்பூர். அங்குக் கப்பற்பாய் தைக்கும் தொழிலில் இருந்த ஒருவரின் மகனாக 1871ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் விக்டர் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர். பாரிசுக்குச் சென்று உயர்கல்வி பெற உதவித்தொகையை நம்பியிருந்தார், அத்தொகை நிறுத்தப்பட்டது. ஆகவே க்ளூனி என்ற சிற்றூரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்தக் கல்லூரியும் மூடப்பட்டது! மாணவர் வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். விக்டர் லியோன் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் விரும்பிப் படித்தது கணிதம். 1892இல் கணிதப் பட்டத் தேர்வு எழுதித் தோற்றார். படைப்பணியை முடித்துத் திரும்பி வந்து 1894இல் அதே தேர்வில் வென்றார். அப்போது நண்பர் ஒருவர் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை இருப்பதாகக் கூறி அழைத்தார். விக்டருக்கு மனம் இல்லை. வேதியியல் என்பது நெட்டுருப் போடும் பாடம், காரண காரியம் அற்றது என்பது அவர் எண்ணம். (இதே குறையை நம் வகுப்பறைகளிலும் கேட்டிருக்கிறோம்.) எனினும் வேலை வேண்டியிருந்தது, சேர்ந்தார். சேர்ந்த பின்னர் அந்த எண்ணம் மாறிவிட்டது.

அங்குத் துறைத் தலைவராக இருந்தவர் பிலிப் பார்பியே. துத்தநாகத்துக்குப் பதிலாக மெக்னீசியத்தைப் பயன்படுத்தி, மீத்தைல் அயோடைடை ஒரு கீட்டோனுடன் அவர் வினைபுரியச் செய்திருந்தார். ஆனால் வினை ஒருநாள் நடக்கும், மறுநாள் நடக்காது. சலித்துப்போன பேராசிரியர், இதை ஆராய்ந்து பார் என்று தம் மாணவரிடம் ஒப்படைத்தார்.

கிரிக்னார்டு பழைய ஏடுகளைப் புரட்டினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஃபிராங்க்லாந்து என்னும் ஆங்கிலேயர் துத்தநாகச் சேர்மங்களை நீரற்ற ஈதரில் உருவாக்கியதைப் படித்தார். பார்பியே அனைத்தையும் ஒருசேரக் கலந்தார் அல்லவா? கிரிக்னார்டு அதனை இரண்டு படிகளாகப் பிரித்தார். முதலில் மெக்னீசியச் சீவல்களை உலர்ந்த ஈதரில் இட்டு, அயோடைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார். ஈதர் தானே கொதித்தது; உலோகம் கரைந்தது. அந்தக் கரைசலில் அதன் பின்னரே கீட்டோனைச் சேர்த்தார். எண்ணிய ஆல்கஹால் கிடைத்தது. 1900ஆம் ஆண்டு மே மாதம் பாரிசு அறிவியல் கழகத்தில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது. அக்கட்டுரையில் இருந்தது மாணவர் பெயர் மட்டுமே.

ஏன் ஈதர்? ஏன் தண்ணீரோ ஆல்கஹாலோ ஆகாது? இவ்விடத்தில் சற்று நின்று பார்ப்போம்.

பியூட்டைல் ஆல்கஹாலையும் ஈதரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். எண்ணிக்கையில் இம்மியும் வேறுபாடில்லை. ஆனால் ஆல்கஹாலில் ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜனுடன் பிணைந்திருக்கிறது. ஈதரில் பத்தும் கார்பனோடு. ஆக்சிஜனையோ நைட்ரஜனையோ பற்றியிருக்கும் ஹைட்ரஜன், புரோட்டானாக எளிதில் கைமாறும். அத்தகைய ஹைட்ரஜனை உடைய தண்ணீர், மெத்தனால், எத்தனால், அசெட்டிக் அமிலம் ஆகியவை புரோட்டான் தரும் கரைப்பான்கள். ஈதர், அசெட்டோன், பென்சீன், ஹெக்சேன் முதலியவை தராதவை. முதல் வகையின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் ஆல்கஹால் கொதிக்க 118 பாகை செல்சியஸ் வேண்டும். ஈதருக்கு 35 பாகையே போதும். ஆகவே ஒரு கரைப்பான் எவ்வகை என்று அறிய ஹைட்ரஜன்களை எண்ணிப் பயனில்லை. அவை எதனோடு இணைந்துள்ளன என்று பார்க்க வேண்டும்.

கிரிக்னார்டு வினைப்பொருள் புரோட்டானைக் கண்டால் விடாது. ஒரு துளி தண்ணீர் பட்டாலும் அந்த அளவுக்கு வினைப்பொருள் அழிந்து, மீத்தேன் போன்ற வாயு குமிழியிட்டு வெளியேறும். பார்பியே கண்ட ஏமாற்றங்களில் ஈரத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. இக்குறையையே பிற்காலத்தவர் கருவியாக்கினர்: செரவித்தினோவ் என்னும் ரஷ்யர், வெளிவரும் மீத்தேனை அளந்து ஒரு பொருளில் இத்தகைய ஹைட்ரஜன் எத்தனை உண்டு என்று கணக்கிடும் முறையை வகுத்தார்.

அப்படியானால் புரோட்டான் தராத எதுவும் ஈதருக்கு ஈடாகுமா? ஆகாது. அசெட்டோனில் செய்தால் வினைப்பொருள் அந்த அசெட்டோனையே தாக்கிவிடும். அதுவும் ஒரு கீட்டோன்தானே! ஹெக்சேன் தாக்கப்படாது, ஆனால் தாங்கவும் செய்யாது. ஈதரின் ஆக்சிஜனோ தன்னிடம் உள்ள தனித்த எலக்ட்ரான் இணைகளால் மெக்னீசியத்தைப் பற்றிக் கரைசலில் நிறுத்துகிறது.

1912இல் கிரிக்னார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தூலூசு நகரப் பேராசிரியர் பால் சபாத்தியே அதில் மறுபாதியைப் பெற்றார். சபாத்தியேவுடன் பல்லாண்டு உடனுழைத்த சென்டெரென்ஸ் ஒரு கத்தோலிக்க குரு. அவர் பெயர் பரிசில் இல்லை. பார்பியேவின் பெயரும் இல்லை. கிரிக்னார்டின் மகிழ்ச்சி முழுமையாக இருக்கவில்லை. சபாத்தியேவும் சென்டெரென்ஸும் ஒரு பரிசைப் பகிர, தாம் காத்திருந்து பின்னொரு நாள் பார்பியேவுடன் பகிர்ந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று கடிதம் ஒன்றில் மனம் திறந்து எழுதினார். பரிசைவிட இக்கடிதமே அவரை நமக்கு நெருக்கமாக்குகிறது.

1914இல் போர் மூண்டது. நோபல் பரிசு பெற்றவரைக் கீழ்நிலைப் படைவீரராகக் காவலுக்கு நிறுத்தினர்! பின்னரே ஆய்வுக்கு அழைத்தனர். வெடிமருந்துக்கான டொலுவீன், அதன்பின் நச்சு வாயுக்கள். போர்க்காலக் கட்டாயம் என்றாலும் அவர் வாழ்வின் இப்பகுதியைப் படிக்கையில் நம் மனம் கனக்கிறது.

1919இல் பார்பியே ஓய்வு பெற, அவருடைய இருக்கைக்கே கிரிக்னார்டு லியோனுக்குத் திரும்பினார். பாரிசு செல்லாமல் அங்கேயே இறுதிவரை பணிபுரிந்தார். கரிம வேதியியல் பெருநூல் ஒன்றைப் பல தொகுதிகளாகத் திட்டமிட்டார். 1935இல் முதல் தொகுதிகள் வெளிவரத் தொடங்கின. அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் நாள் அவர் இறந்தார். அதற்குள் அவர் கண்ட வினையைப் பற்றி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வெளிவந்திருந்தன. எஞ்சிய தொகுதிகளை மற்றவர் முடித்தனர்.