மேரி ஸ்லெசர் அம்மையார்

கடல் கடந்து அயல்நாடு செல்லும் மிஷனெரிமாரைக் குறித்து எண்ணுங்கால், காட்டு விலங்கும் கொடுங்காய்ச்சலுமே அவர்தம் பெருந்துன்பங்களென நாம் எளிதில் முடிவு செய்துவிடுகிறோம். அவையும் உள்ளனவே. ஆயினும் நாள்தோறும் அவரை அலைக்கழிப்பது பிறிதொன்று. காலையில் தொடங்கிய வேலை மாலைக்குள் முடியுமென்பதற்கு யாதொரு உறுதியும் அவர்க்கில்லை. உண்ண உட்கார்ந்தவர் உண்டு எழுவாரென்பதும் நிச்சயமன்று. இத்தகைய வாழ்க்கையை ஏறக்குறைய 38 ஆண்டுகள் நடத்தியவர் மேரி ஸ்லெசர் அம்மையார். மணியோசைக்கு அடங்கி நடக்கும் ஆலையில் வளர்ந்த ஒருவர், மணியென்பதே அறியாத காட்டில் வாழக் கற்றுக்கொண்டதே அவர் வரலாற்றில் நம் கருத்தைக் கவரத்தக்கது.

அம்மையார் 1848-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்திலுள்ள அபர்தீன் நகரில் பிறந்தார். தந்தையார் பாதரட்சை செய்யும் தொழிலாளி; குடிப்பழக்கத்தால் தொழிலையும் குடும்ப அமைதியையும் ஒருங்கே இழந்தவர். குடும்பத்தார் டண்டீ நகரிற் குடியேறினர். அங்கே மேரி தமது 11-ஆம் வயதில் நெசவாலையிற் சேர்ந்து, அரைநாள் வேலையும் அரைநாள் படிப்புமாகக் காலங் கழித்தார். சில ஆண்டுகளுக்குள் முழுநாள் வேலைக்காரியாகி, காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையில் தறியடியில் நின்றார். தறியின்மேல் புத்தகத்தைத் திறந்து வைத்து, கைக்கு ஓய்வு கிடைத்த கணந்தோறும் ஓரிரு வரி படித்துக்கொள்வாராம். சிதறிக் கிடக்கும் சிறுபொழுதுகளைப் பொறுக்கியெடுத்துப் பயன்கொள்ளும் இவ்வித்தை பிற்காலத்தில் அவர்க்குப் பெரிதும் உதவிற்று.

1876-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் மிஷனால் அனுப்பப்பெற்று, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கலபாருக்குக் கப்பலேறினார். கலபார் இன்று நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில் உள்ளது. எபிக் மொழியை அவர் கற்ற விரைவு உடனிருந்தோரை வியப்பித்தது. ஆனால் மிஷன் வீட்டின் ஒழுங்கு அவர்க்கு ஒத்துவரவில்லை. உரிய காலத்தில் உணவு, உரிய உடை, உரிய வருகைகள் ஆகிய இவற்றைக் காக்க முயல்வதாலேயே பலர் களைத்துப் போகின்றனரென அவர் கண்டார் போலும். நாளடைவில் தலைமயிரைக் குறுகக் கத்தரித்துக்கொண்டு, தொப்பியும் பாதரட்சையுமின்றி நடக்கவும், ஊரார் உண்பதை உண்ணவும் பழகினார். மருத்துவர் இதனை மெச்சியிரார்; காய்ச்சலும் அவரை விட்டபாடில்லை.

1886-ஆம் ஆண்டிற்குள் தாயாரும் தங்கையரும் இறந்தனர். இனித் தமக்காக வீட்டில் அஞ்சுவார் எவருமில்லையென்ற நிலையில், ஒகொயொங் என்னும் உள்நாட்டிற்குச் செல்லத் துணிந்தார். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், தாம் வளர்த்த குழந்தைகள் ஐவருடன், கிரீக் டவுன் அரசர் ஏயோ உதவிய படகிற் சென்றார். மழை ஓயாது பெய்தது. கரையிறங்கி 4 மைல் காட்டுவழி நடந்து எகெங்கே என்னும் ஊரை அடைந்தபோது, அங்கு வரவேற்பார் ஒருவருமில்லை. அயலூரில் ஒரு சாவு நேர்ந்ததால் ஊரார் அங்கே போயிருந்தனர். சுமைகாரரும் வந்து சேரவில்லை; இருளில் நடக்க மறுத்துப் படகிலேயே படுத்துவிட்டனர். குழந்தைகளோ நனைந்து பசியால் அழுதன. அம்மையார் வெறுங்காலுடன் அவ்விருளிலேயே ஆற்றங்கரைக்குத் திரும்பி, அவர்களை எழுப்பி அழைத்து வந்தார். அவர் திட்டமிட்டபடி அன்று யாதும் நடவாதது அவர்க்கு நல்ல பாடமாயிற்று.

அந்நாட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறப்பது சாபமென நம்பப்பட்டது. குழந்தைகள் காட்டில் எறியப்பெறும், தாய் துரத்தப்படுவாள். ஆதலின் எந்நேரமும் அம்மையாருக்குச் செய்தி வரக்கூடும். வந்தால் உடனே ஓடவேண்டும். மீட்ட குழந்தைகளைத் தம் படுக்கையைச் சுற்றித் தூளிகளில் இட்டு, ஒவ்வொன்றுக்கும் கயிறு கட்டி, எது அழுகிறதோ அதன் கயிற்றைப் படுத்தவாறே இழுத்து ஆட்டுவார். ஊர்த்தலைவர் ஏதெமின் சகோதரி மா ஏமே அவருடைய உற்ற தோழி. எங்கேனும் கொடுமை நிகழவிருந்தால் மா ஏமே மருந்து வேண்டுமென்று ஒரு புட்டியை அனுப்புவாள், அதுவே எச்சரிக்கை. தோழியர் இருவர்க்கு மட்டுமே தெரிந்த குறிப்பு அது. இத்தகைய உதவியின்றி அயல்நாட்டார் ஒருவர் அங்கே என்ன செய்திருக்கக்கூடுமென்பதை அவர் வரலாற்றை எழுதுவோர் சற்று மறந்துவிடுகின்றனர்.

நாட்கணக்கே தவறிப்போவதும் உண்டு. ஒரு முறை ஞாயிறென்றெண்ணித் திங்களன்று ஆராதனை நடத்தினார். பிறிதொரு முறை ஞாயிறன்று சென்ற விருந்தினர், அம்மையார் திங்களென்று கருதிக் கூரைமேலேறிப் பழுது பார்த்துக்கொண்டிருக்கக் கண்டனர்.

ஏதெமின் மூத்த மகன் ஏதிம் இறந்த நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைத்தல் தகும். 1889-ஆம் ஆண்டில், அம்மையாருக்கு வீடு கட்டித்தரும் பொருட்டு ஓவன்ஸ் என்னும் தச்சர் வந்திருந்தார். அக்காலத்தில் ஏதிம் மரமொன்றைக் கையாளும்போது அடிபட்டு உடல் முடங்கினான். அம்மையார் இரு வாரம் பணிவிடை செய்தும் அவன் பிழைக்கவில்லை. அயற்கிராமத்தாரின் சூனியமே காரணமென மந்திரவாதி கூற, பலர் பிடித்து வரப்பட்டுச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டனர். நச்சுக்கொட்டையை உண்பித்து அவர்களைச் சோதிப்பது வழக்கம். சோதனை பெரும்பாலும் மரணத்திலேயே முடியும். தலைமகனுக்குத் துணையாக உயிர்கள் பலவற்றை அனுப்பினாலன்றி அவனுக்கு மதிப்பில்லை என்பது அவர்கள் கொள்கை.

அம்மையார் வாதிடுவதோடு நிற்கவில்லை. மதிப்பை வேறு வழியில் தருவோமென்று எண்ணினார் போலும். தம்மிடமிருந்த பட்டையும் உயர்ந்த உடையையும் எடுத்து உடலுக்குச் சார்த்தி, தலைப்பாகையும் இறகு சூட்டிய தொப்பியும் அணிவித்து, நாற்காலியில் அமர்த்திக் குடை நிழற்றி, தன் அழகைத் தானே காணுமாறு எதிரில் கண்ணாடியும் வைத்தார். ஊரார் கண்டு களிகூர்ந்து ஆடினர். ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. ஓவன்ஸும் அவரும் முறை வைத்துக் கைதிகளை இரவும் பகலும் காத்தனர். வீட்டு வேலை நின்றது; மற்றெல்லாம் நின்றன. ஒருவர் பின் ஒருவராகக் கைதிகள் விடுவிக்கப்பட, இறுதியில் ஒரு பசு மட்டுமே பலியாயிற்று. பிணத்தை அலங்கரித்தது ஒரு மிஷனெரிக்குத் தகுமோ என வினவுவோர் இருக்கலாம். சங்கிலியிற் கிடந்தோரை வினவினால் வேறு விடை கிடைத்திருக்கும்.

அவருடைய குணமும் எளிதன்று. சினம் விரைவில் வரும். தலைவர்களையும் கண்டிக்கத் தயங்கார். கலகக் கூட்டங்களின் நடுவே அமர்ந்து, வாதம் ஓயும்வரை மணிக்கணக்காகப் பின்னல் வேலை செய்துகொண்டிருப்பாரென்பது மாத்திரம் அவரது பொறுமைக்குச் சான்று. கலபாரில் ஆசிரியராயிருந்த சார்ல்ஸ் மாரிசனுக்கும் அவருக்கும் திருமணம் நிச்சயமாயிற்று. மாரிசனின் உடல்நலங் கருதி அவரை ஒகொயொங்குக்கு அனுப்ப மிஷன் சபையார் இசையவில்லை. தம் ஊரை விட்டுப் பெயர அம்மையாரும் இசையவில்லை. திருமணம் நின்றுபோயிற்று. நிச்சயமற்ற வாழ்வைத் தழுவிய அவர் இவ்வொன்றில் மட்டும் இடம்பெயரா உறுதி காட்டினார். அதற்குக் கொடுத்த விலை சிறிதன்று.

பிரிட்டிஷ் ஆட்சி பரவியபோது 1892-இல் அவரை ஒகொயொங்கின் வைஸ் கான்சலாக நியமித்தனர். அந்நிய அரசின் அதிகாரமும் மிஷன் ஊழியமும் ஒருவர் கையிற் சேர்வதை இன்று நாம் ஐயத்துடன் நோக்குவோம். எனினும் வழக்குகளை ஊர்மொழியில், ஊர் வழக்கமறிந்து தீர்த்தமையால் மக்கள் அவரை நாடி வந்தனர். ஒகொயொங்கில் ஏறக்குறைய 15 ஆண்டு கழித்தபின், மேலும் உள்நாடு நோக்கி இட்டு முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தார். முதுமையில் சைக்கிள் ஓட்டக் கற்றார். அதற்கும் வலிமை குன்றியபின் பிள்ளைகள் தள்ளும் சிறு வண்டியிற் சென்றார்.

1915-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி, விடியுமுன், யூசே என்னுமூரில் தம் மண்வீட்டில், வளர்ப்புப் பெண்கள் சூழ்ந்திருக்க உயிர் நீத்தார். உடலை ஆற்று வழியே கலபாருக்குக் கொண்டுசென்று அடக்கஞ் செய்தனர்.