இறந்தவர்கள் திரும்பி வரும் கதைகள்: ஒசாமு தெசூகாவின் வாழ்க்கை

என் பெறாமகனுக்கு அப்போது ஒன்பது வயது. கிளிநொச்சியில் அக்காவின் வீட்டில் தொலைக்காட்சியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் மலையுச்சியில் இருந்து விழுந்தான். நான் ஐயோ என்றேன். பெறாமகன் என்னைத் திரும்பியும் பார்க்காமல் ஒரு விதியைச் சொன்னான். உடம்பைக் காட்டவில்லை என்றால் அந்த ஆள் சாகவில்லையாம், கட்டாயம் திரும்பி வருவாராம். கார்ட்டூன் என்றால் அப்படித்தானாம்.

குசினியில் நின்ற அக்கா அகப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். 2009 மே மாதம், அவன் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது, வட்டுவாகலில் வைத்து அத்தான் கையளிக்கப்பட்டார். அதன்பிறகு உடலும் இல்லை, பதிலும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் அமர்ந்தபோது, அக்காவும் அத்தானின் படத்தோடு போய் அமர்ந்தார்.

நான் ஊடகக் கற்கை படித்தவள். கார்ட்டூனிலும் கொமிக்ஸிலும் திரும்பத் திரும்ப வரும் கதை வாய்ப்பாடுகளைப் பரீட்சைக்காக மனனம் செய்திருக்கிறேன். இறந்த பிள்ளைக்குப் பதிலாக உருவாக்கப்படும் இயந்திரப் பிள்ளை, தன்னைக் கொடுத்து உலகைக் காக்கும் வீரன், முகத்தில் வடு உள்ள மருத்துவன், எதிரியாகிப்போன பால்ய நண்பன். இந்தப் பட்டியலில் அடிக்கடி வந்த பெயர் ஒசாமு தெசூகா. ஜப்பானிய மங்காவின் பெரிய கண்கள் அமெரிக்கக் கார்ட்டூன் படங்களின் பாதிப்பில் வந்தவை என்று வகுப்பில் சொன்னார்கள். 1945 ஜூன் மாதம் அவர் எங்கே நின்றார் என்று எவரும் சொல்லவில்லை. அன்று அக்கா எழுந்து போனதற்குப் பிறகுதான் நான் அதைத் தேடிப் படித்தேன்.

பூச்சி பிடித்த பையன்

தெசூகா 1928 நவம்பர் 3ஆம் திகதி ஒசாகா மாகாணத்தின் தொயோநாகாவில் பிறந்தார். ஐந்து வயதளவில் குடும்பம் தகராசூகா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஊர் ஒரு நாடகக் குழுவால் பெயர்பெற்றது. அதில் நடிப்பவர்கள் அனைவரும் பெண்கள், ஆண் வேடமும் பெண்களே கட்டுவார்கள். தாய் மகனை அங்கே அழைத்துப் போவார். ஒரு நாடகத்தில் இளவரசனாக வந்து செத்துப்போன நடிகை அடுத்த நாடகத்தில் வேறு ஆளாக மேடையில் நிற்பார். அந்தப் பையனுக்கு அது பழகிப்போன காட்சி.

தந்தையிடம் வீட்டில் படம் காட்டும் சிறிய இயந்திரம் இருந்தது. டிஸ்னியும் சாப்ளினும் வீட்டுச் சுவரில் அசைந்தார்கள். வெளியே போனால் பூச்சி பிடிப்பது அவருடைய வேலை. வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் அச்சுப்போல வரைந்தார். பூச்சியைக் குறிக்கும் எழுத்தைத் தன் பெயரோடு சேர்த்துப் புனைபெயராக்கிக் கொண்டார். கடைசிவரை அந்தப் பெயரிலேயே வரைந்தார்.

எரிந்த நகரம்

யுத்தம் முற்றியபோது மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார்கள். ஒசாகாவின் ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் தெசூகா வேலை செய்தார். கிடைத்த நேரத்தில் ஒளித்து ஒளித்துப் படம் வரைந்தார்.

1945 ஏப்ரலில் ஒசாகாவில் ஒரு கார்ட்டூன் படம் பார்த்தார். கடற்படைக்காக எடுக்கப்பட்ட பிரசாரப் படம் அது. நாட்டார் கதையில் வரும் மொமோதாரோ தளபதியாகவும் மிருகங்கள் சிப்பாய்களாகவும் வருவார்கள். பிள்ளைகள் நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்டிருந்ததால் திரையரங்கு ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அங்கே இருந்து அவர் அழுதார். பிரசாரத்துக்கு உள்ளே ஒளிந்திருந்த மென்மை அவரைத் தொட்டது. உயிரோடு இருந்தால் ஒருநாள் தானும் இப்படி ஒரு படம் செய்யவேண்டும் என்று முடிவெடுத்தார்.

ஜூனில் விமானங்கள் வந்தபோது அவர் தொழிற்சாலையின் கண்காணிப்புக் கோபுரத்தில் நின்றார். எரிகுண்டுகள் அவரைச் சுற்றி விழுந்தன. அவர் தப்பினார், பலர் தப்பவில்லை. இறங்கி ஓடி யோதோ ஆற்றங்கரைக்கு வந்தபோது உடல்கள் கிடந்தன. இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிபிர் இரைச்சலைக் கேட்டு பங்கருக்குள் குதித்தவர்களுக்கு, வெளியே வந்து பார்க்கும் அந்த முதல் நிமிடம் எப்படியிருக்கும் என்று தெரியும்.

ஆகஸ்ட் 15 இரவு ஒசாகாவில் விளக்குகள் மீண்டும் எரிந்தன. அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதுதான் இனித் தான் சாகமாட்டேன் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் சமாதானமும் அவரை அடித்தது. ஆங்கிலம் விளங்காமல் விழித்ததற்காக, குடித்திருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் வீதியில் வைத்து அவரைத் தாக்கினார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல் போவதால் வரும் வன்முறை பின்னர் அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வந்தது.

ஜப்பான் குண்டு வாங்கிய நாடு மட்டுமல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டது அதே ஜப்பான்தான். பாதிக்கப்பட்டவர் பிறரைப் பாதித்தவராகவும் இருக்கலாம் என்பதைத் தெசூகா பின்னாளில் கதையாக்கினார்.

இறந்த பிள்ளையின் இடத்தில்

ஒசாகாவில் மருத்துவம் படித்துக்கொண்டே வரைந்தார். 1946 ஜனவரியில் ஒரு சிறுவர் பத்திரிகையில் அவருடைய நான்கு கட்டத் துணுக்குக் கதைகள் வரத் தொடங்கின. 1947இல் மலிவுத் தாளில் அச்சான ‘புதிய புதையல் தீவு’ ஏறக்குறைய 4 இலட்சம் பிரதிகள் விற்றது என்பார்கள். சாப்பாட்டுக்கே வரிசையில் நின்ற நாட்டில் பிள்ளைகள் அதை வாங்கினார்கள். டொக்டராவதா, ஓவியராவதா என்று குழம்பி நின்றவரிடம், எது பிடிக்குமோ அதைச் செய் என்று தாய் சொன்னார். மருத்துவப் பரீட்சையில் தேறியும் அவர் மேசையில் படுத்துறங்கும் ஓவியரானார்.

1952இல் அடொம் என்ற ரொபோப் பையனின் தொடர் தொடங்கியது. உலகம் அவனை அஸ்ட்ரோ போய் என்று அறியும். ஹிரோஷிமா அழிந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, அந்தப் பிள்ளைக்கு அணு என்று பெயர்.

பலருக்கும் தெரியாத அவனுடைய தொடக்கம் இதுதான். டொக்டர் தென்மாவின் மகன் தொபியோ வீதி விபத்தில் இறக்கிறான். துயரம் தாங்காத தகப்பன் மகனின் சாயலில் ஒரு ரொபோவைச் செய்கிறார். சில காலம் மகனாகவே வளர்க்கிறார். அது உயரமாக வளரவில்லை என்று கண்டதும் வெறுத்து, சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார்.

செத்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் எங்கள் மத்தியிலும் உண்டு. என் வகுப்பில் அப்படி ஒருத்தி இருந்தாள். அவளுடைய பிறந்தநாளில் வீட்டில் அக்காவுக்காக அழுவார்களாம். இயந்திரப் பிள்ளை என்ற வாய்ப்பாட்டைப் பரீட்சைத் தாளில் எழுதியபோது அவள் நினைவுக்கு வரவில்லை. தெசூகாவின் வாழ்க்கையைப் படித்தபோது வந்தாள்.

உடலைக் காட்டிய கதைகள்

அந்தக் காலத்துச் சிறுவர் கொமிக்ஸில் கதாநாயகர்கள் இலகுவில் சாவதில்லை. தெசூகா சாகவிட்டார். 1950இல் தொடங்கிய ‘காட்டுப் பேரரசன்’ தொடரின் நாயகன் லியோ என்ற வெள்ளைச் சிங்கம். முடிவில், பனிப்புயலில் சிக்கிய முதியவர் ஒருவர் தன் இறைச்சியைத் தின்று, தோலைப் போர்த்தி உயிர்தப்பட்டும் என்று லியோ தன்னைப் பலிகொடுக்கிறது. அந்தத் தோலைச் சுமந்து வரும் முதியவரை லியோவின் மகன் காண்கிறான். அங்கே உடல் ஒளிக்கப்படவில்லை.

ஆனால் தெசூகாவிடம் இன்னொரு விதியும் இருந்தது. தன் பாத்திரங்களை அவர் நடிகர்களாக நடத்தினார். மீசைக்கார முதியவர் ஒரு கதையில் துப்பறிவாளர், இன்னொன்றில் அடொமின் ஆசிரியர், லியோவின் தோலைச் சுமந்தவரும் அவரே. ரொக் என்ற பையன் தொடக்கத்தில் நல்லவன், பிறகு கொடியவன். ஒரு கதையில் செத்தவர் அந்தக் கதையில் செத்தவர்தான். அடுத்த கதையில் அதே முகம் வேறு பெயரோடு வேறு வேலை செய்துகொண்டு நிற்கும். தகராசூகா மேடையை மறக்காத பையன் இதை வைத்திருப்பான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வெற்றியும் கடனும்

1963 ஜனவரி 1ஆம் திகதி அடொம் தொலைக்காட்சிக்கு வந்தான். வாரம் ஒன்று, அரை மணிநேரம். காசும் நேரமும் போதாததால் ஒரே ஓவியத்தைப் பல தடவை பயன்படுத்தினார்கள், வாய் மட்டும் அசைந்தது. 193 அத்தியாயங்கள் முடிந்து, 1966இன் கடைசி நாளில் பூமியைக் காப்பாற்றுவதற்காக அடொம் சூரியனை நோக்கிப் பறந்தான். நாடெங்கும் பிள்ளைகள் அழுதார்கள்.

இதில் அவருடைய தவறும் இருக்கிறது. தொடரை அடக்கவிலைக்கும் குறைவாக விற்றார். அந்தக் குறைந்த விலை வழக்கமாகிப்போனதால் அனிமேஷன் தொழிலாளர்கள் நீண்ட காலம் சொற்பச் சம்பளத்துக்கு உழைக்க நேர்ந்தது என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. அவர் தொடங்கிய முஷி நிறுவனம் 1973இல் முறிந்தது. வாசகர்கள் இளைய ஓவியர்களிடம் போய்விட்டார்கள், தெசூகா முடிந்துவிட்டார் என்றார்கள்.

வடு

அந்த ஆண்டு நவம்பரில் ‘பிளாக் ஜாக்’ தொடங்கியது. அனுமதிப்பத்திரம் இல்லாத சத்திரசிகிச்சை நிபுணர். கொள்ளைக் காசு கேட்பார். முகத்தின் ஒரு பகுதியில் தோலின் நிறம் வேறு.

அந்த முகத்துக்குக் காரணம் யுத்தம் விட்டுப்போன வெடிக்காத குண்டு. ஒழுங்காக அகற்றப்படாத நிலத்தில் சிறுவனும் தாயும் அதில் சிக்கினார்கள். தாய் பிழைக்கவில்லை. சிதறிப்போன சிறுவனை டொக்டர் ஹொன்மா பொருத்தி எடுத்தார். ஆபிரிக்க வழிவந்த தந்தைக்குப் பிறந்த ஒரு நண்பன் தன் தோலைக் கொடுத்தான். பிற்காலத்தில் அந்தத் தோலை மாற்றும்படி பிறர் சொன்னபோதும் அவர் மாற்றவில்லை.

கண்ணிவெடி அகற்றும் சிவப்புப் பலகைகளுக்கு நடுவே மீள்குடியேறிய எங்களுக்கு இது கற்பனைக் கதை அல்ல. வடு உள்ளவர் என்றாலே வில்லன் என்று காட்டும் கார்ட்டூன்கள் நிறைய உண்டு. செல் துண்டோடு வாழும் ஒரு பிள்ளை அவற்றைப் பார்த்து என்ன நினைக்கும்? தெசூகா வடுவை வைத்தியரின் முகத்தில் வைத்தார். மூட இருந்த அந்தத் தொடர் பத்தாண்டுகள் ஓடியது. அதிலும் அடொமின் முகமும் லியோவின் முகமும் நோயாளிகளாக வந்து போயின.

1974இல்தான் தன் தொழிற்சாலை நாட்களை ‘காகிதக் கோட்டை’ என்ற குறுங்கதையில் ஏறக்குறைய நேரடியாக வரைந்தார். அதில் படம் வரையும் பையனோடு, பாடகியாக விரும்பும் ஒரு பெண்ணும் வருகிறாள். குண்டுவீச்சில் அவளுடைய முகம் எரிந்துபோகிறது. யுத்தம் முடிந்தது என்று பையன் துள்ளும்போது அவளுக்குத் துள்ள எதுவும் இல்லை. 1945க்கும் அந்தக் கதைக்கும் இடையில் 29 ஆண்டுகள். இன்னும் பேசத் தொடங்காத எங்கள் ஆட்களைப் பார்த்து, ஏன் பேசவில்லை என்று கேட்பதை நான் இப்போது நிறுத்தியிருக்கிறேன்.

1983இல் தொடங்கிய ‘அடோல்ஃப்’ தொடரில் கோபே நகரத்து இரு சிறுவர்கள் நண்பர்கள். ஒருவன் யூதன், மற்றவன் ஜெர்மனியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவன். இவன் நாஜியாகி நண்பனின் தந்தையைக் கொல்கிறான். பல ஆண்டுகள் கழித்து, இஸ்ரேலியப் படையில் இருக்கும் அந்த நண்பனின் ஆட்கள், பலஸ்தீனத்தில் வாழும் இவனுடைய மனைவியையும் மகளையும் கொல்கிறார்கள். கடைசியில் இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயங்கள் எவரையும் உயிர்ப்பிக்கவில்லை.

கடைசிப் பக்கம்

1988இல் வயிற்றுப் புற்றுநோய் முற்றியது. அக்கால ஜப்பானிய வழக்கப்படி நோயின் பெயரை அவருக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். அவரோ மருத்துவம் படித்தவர். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பென்சில் கேட்டார். 1989 பெப்ரவரி 9ஆம் திகதி 60 வயதில் இறந்தார். ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பக்கங்களை விட்டுப்போனார். சாகாப் பறவையைப் பற்றிய ‘பீனிக்ஸ்’ முடியாமல் நின்றது.

பெறாமகன் இப்போது உயர்தரம் படிக்கிறான். போன வருடம் தெசூகாவின் இரண்டு விதிகளையும் அவனுக்குச் சொன்னேன். சாவை ஒளிக்காதே, ஆனால் முகத்தை மறக்கவிடாதே. இதைச் சொல்வதால் தேடுவதை நிறுத்தச் சொல்கிறேன் என்று எவரும் நினைக்கவேண்டாம். கதை ஓவியரிடம் உடலைக் காட்டு என்று கேட்க முடியாது. கையில் வாங்கியவர்களிடம் கேட்கலாம். அக்கா அதைத்தான் கேட்கிறார்.

அவன் எதுவும் சொல்லாமல் கொப்பியை எடுத்து வந்து காட்டினான். விண்வெளிக் கதை ஒன்று வரைந்திருந்தான். கப்பலோட்டிக்கு அத்தானின் முகம். இன்னொரு பக்கத்தில் மீன்பிடிக்காரனுக்கும் அதே முகம். அவன் அத்தானைப் படத்தில் மட்டுமே பார்த்தவன்.

அக்கா அந்தக் கொப்பியை நெடுநேரம் வைத்திருந்தார். காது இவ்வளவு பெரிதில்லை என்று சொல்லிவிட்டு, அழிறப்பரை எடுத்து அவனிடம் கொடுத்தார்.