சிலுவையின் பெயர் தாங்கிய வைத்தியர்
ஒஸ்வால்டோ குரூஸ் (1872 – 1917)

மன்னாரிலும் எமது கரையோர ஊர்கள் பலவற்றிலும் குரூஸ் என்ற குடும்பப் பெயர் வழங்கி வருவதை வாசகர்கள் அறிவர். போர்த்துக்கேய மொழியில் சிலுவையைக் குறிக்கும் சொல் அது. சிலுவையைக் குருசு என்று நாம் அழைப்பதும் அதன் வழி வந்ததே. இதே பெயரைத் தாங்கிய ஒரு வைத்தியர், கடல்களுக்கு அப்பால் பிறேசில் தேசத்தில், ஒரு மாநகரைக் கொடிய நோய்களின் பிடியிலிருந்து மீட்டார். அந்த மாநகரின் மக்களே அவருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். நோயைத் தடுப்பதற்கு அரசு ஒருவரைக் கட்டாயப்படுத்தலாமா, தடுப்பூசிப் பத்திரம் இல்லாதவருக்குக் கதவை மூடலாமா என்ற கேள்விகள் கொரோனாத் தொற்றுக் காலத்தில் உலகெங்கும் எழுந்தன. அதே கேள்விகளை நூறாண்டுகளுக்கு மேல் முன்னரே எதிர்கொண்டவர் ஒஸ்வால்டோ குரூஸ். அன்னாரின் சீவிய வரலாறு அறியத்தக்கது.

இளமையும் கல்வியும்

ஒஸ்வால்டோ கொன்சால்வெஸ் குரூஸ் 1872ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி, சாவோ பவுலோ மாகாணத்தின் ஒரு சிறிய ஊரிலே பிறந்தார். தந்தையாரும் ஒரு வைத்தியர். ஒஸ்வால்டோ ஐந்து வயதுச் சிறுவனாக இருக்கையில் குடும்பம் அன்றைய தலைநகராகிய றியோ டி ஜெனீறோவுக்குக் குடிபெயர்ந்தது. பதினைந்தாவது வயதில் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1892இல் இருபது வயதில் பட்டம் பெற்றார். பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வு, நோய்க்கிருமிகள் தண்ணீர் வழியாகப் பரவுவது பற்றியதாகும். கிருமிகளே பல நோய்களுக்குக் காரணம் என்ற கொள்கை அக்காலத்தில் இன்னும் புதியது. நூலறிவோடு அவர் நின்றுவிடவில்லை. மணமான பின் வீட்டின் கீழ்த்தளத்திலேயே ஒரு சிறு ஆய்வுகூடத்தை அமைத்து உழைத்தார். பின்னர் பாரிஸ் நகருக்குச் சென்று, புகழ்பெற்ற பாஸ்ரர் நிலையத்திற் பயின்று, 1899இல் தாயகம் திரும்பினார்.

திரும்பிய ஆண்டிலேயே சன்ரோஸ் துறைமுகத்தில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தலைகாட்டியது. அதைத் தடுக்கும் மருந்தை ஐரோப்பாவிலிருந்து தருவித்துக் காத்திருக்க நேரமில்லை. எனவே நாட்டிலேயே அதைத் தயாரிப்பதற்காக, றியோ நகரின் ஓரத்தில் மங்கின்யோஸ் என்னும் பழைய தோட்டத்தில் 1900ஆம் ஆண்டு ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அதன் தொழில்நுட்பப் பொறுப்பு குரூசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1902இல் அவரே அதன் பணிப்பாளரானார்.

நுளம்பும் எலியும்

அந்நாளில் றியோ நகரின் பெயரைக் கேட்டாலே மாலுமிகள் அஞ்சினர். 1895இல் அங்கே நங்கூரமிட்ட லொம்பார்டியா என்னும் இத்தாலியப் போர்க்கப்பலில் இருநூறுக்கு மேற்பட்டோர் மஞ்சட் காய்ச்சலால் மடிந்தனர். 1902இல் மாத்திரம் நகரில் ஏறக்குறைய ஆயிரம் பேரை அக்காய்ச்சல் பலிகொண்டது. 1903ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜனாதிபதி றொட்றிகெஸ் அல்வெஸ், முப்பது வயதே நிரம்பிய குரூசைப் பொதுச் சுகாதாரப் பணிப்பாளர் நாயகமாக நியமித்தார்.

மஞ்சட் காய்ச்சல் அழுக்கான ஆடைகளாலும் கெட்ட காற்றாலும் பரவுகிறது என்றே பெரும்பாலோர் நம்பியிருந்தனர். நுளம்பே அதைக் காவுகிறது என்று கியூபா நாட்டு வைத்தியர் கார்லோஸ் பின்லே 1881இல் எடுத்துரைத்தார். 1900இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் குழுவொன்று அதை மெய்ப்பித்தது. குரூஸ் இதனை ஏற்று, நுளம்பொழிப்புப் படைகளை வீதி வீதியாக அனுப்பினார். அவர்கள் வீடுகளுக்குட் சென்று தண்ணீர்த் தொட்டிகளை மூடினர். தேங்கிய நீரை அகற்றினர். நோயாளர் இருந்த வீடுகளுக்குப் புகையூட்டினர். கொள்ளைநோயைப் பரப்பும் எலிகளை ஒழிக்க, பிடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு எலிக்கும் அரசு 300 றெய்ஸ் கொடுத்தது. சிலர் எலிகளை வளர்த்தே விற்றுப் பணம் தேடினர். பத்திரிகைகள் நகைத்தன, கேலிச்சித்திரக்காரருக்கு நாள்தோறும் விருந்து கிடைத்தது. ஆனால் பலன் கைமேற் கிடைத்தது. 1909ஆம் ஆண்டளவில் றியோ நகரில் மஞ்சட் காய்ச்சலால் மரணமே இல்லை என்ற நிலை ஏற்பட்டது.

அம்மைப்பாற் சட்டம்

நுளம்பையும் எலியையும் ஒழித்தபோது சிரித்த மக்கள், அம்மைப்பால் விடயத்திற் சீறினர். எம் முன்னோர் அம்மாள் வருத்தம் என்று அஞ்சி ஒதுங்கிய அதே பெரியம்மை 1904இல் றியோ நகரைத் தாக்கி, அவ்வாண்டில் ஏறக்குறைய 3,500 பேரைக் கொண்டுபோயிற்று. இதற்குரிய தடுப்பு முறை புதியதன்று. ஆங்கில வைத்தியர் எட்வேட் ஜென்னர் 1796இலேயே பசுவம்மைப் பாலைக் கொண்டு அதைக் கண்டறிந்திருந்தார். பிறேசிலிலும் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்த வேண்டும் என்ற விதி பல்லாண்டுகளாக ஏட்டில் இருந்தது, நடைமுறையில் இருக்கவில்லை. 1904 ஜூலை மாதத்தில் 23,000 பேரளவில் ஊசி குத்திக்கொண்டனர். எதிர்ப்பு வலுக்கவே, ஓகஸ்டில் அத்தொகை 6,000 அளவுக்கு வீழ்ந்தது.

1904 ஒக்ரோபர் 31ஆம் திகதி கட்டாய அம்மைப்பாற் சட்டம் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகளின் நகல் குரூசின் கையால் ஆனது. நவம்பர் 9ஆம் திகதி அந்த நகல் பத்திரிகையொன்றில் வெளியாகிவிட்டது. பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க, உத்தியோகம் பெற, பிரயாணம் செய்ய, விடுதியில் தங்க, திருமணம் முடிக்க, இவை யாவற்றுக்கும் அம்மைப்பால் குத்திய அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். மறுப்போர் தண்டம் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பத்திரம் இல்லாதவன் ஊருக்குள்ளேயே அந்நியனாகிவிடுவான் என மக்கள் கண்டனர்.

எதிர்த்தவர்கள் யார்?

எதிர்த்தவர் எல்லோரும் அறிவிலிகள் என்று ஒதுக்கிவிடுவது நீதியாகாது. நாட்டின் தலைசிறந்த சட்ட அறிஞரும் செனற்றருமாகிய றுயி பார்போசா அவர்களுள் ஒருவர். மனிதனுடைய உடலுக்குள்ளே பலவந்தமாக ஒன்றைச் செலுத்தச் சட்டத்துக்கு அதிகாரம் இல்லை என்பது அவருடைய வாதம். ஒகஸ்ட் கொம்ற் என்னும் பிரெஞ்சுத் தத்துவஞானியைப் பின்பற்றியோர், அரசு மனச்சாட்சியின் எல்லைக்குள் நுழையக் கூடாது என்றனர். செனற்றர் லவுறோ சொட்றே தலைமையில், கட்டாய அம்மைப்பாலுக்கு எதிரான சங்கம் நவம்பர் 5ஆம் திகதி தொழிலாளர் நிலையமொன்றில் அமைக்கப்பட்டது. இவர்களுட் சிலர் கொள்கைக்காகப் பேசினர். வேறு சிலர் ஆட்சியைக் கவிழ்க்க ஒரு வாய்ப்பாக இதைப் பயன்படுத்தினர்.

ஏழைகளின் கோபத்துக்கு வேறு காரணங்கள் இருந்தன. அதே ஆண்டுகளில் மாநகர முதல்வர் பெரெய்றா பாசோஸ், பெருந்தெருக்கள் அமைப்பதற்காக நூற்றுக்கணக்கான கட்டிடங்களை இடித்துத் தள்ளினார். நெருக்கமான தொடர்வீடுகளில் வாழ்ந்தோர் மலைச்சரிவுகளுக்குத் துரத்தப்பட்டனர். கேளாமல் வீட்டை இடித்தார்கள். கேளாமல் உள்ளே வந்து புகையூட்டினார்கள். இப்போது கேளாமல் உடலையும் தொட வருகிறார்கள் என்றே அவர்களுக்குத் தோன்றியது. குடும்பத் தலைவன் வேலைக்குப் போயிருக்கையில் அந்நியர் வீட்டினுட் புகுந்து, மனைவி மக்களின் ஆடையை விலக்கி ஊசி குத்துவர் என்ற பேச்சு மூலைமுடுக்கெங்கும் பரவியது. மானத்தைப் பெரிதாக மதிக்கும் எம்மவருக்கு இப்பேச்சின் வேகத்தை விளக்கத் தேவையில்லை.

ஒரு வாரக் கலகம்

நவம்பர் 10ஆம் திகதி வீதியில் மோதல் வெடித்தது. ட்றாம் வண்டிகள் கவிழ்த்து எரிக்கப்பட்டன; தெருவிளக்குகள் நொறுக்கப்பட்டன. துறைமுகத்தை அண்டிய சவூடே பகுதியில் மக்கள் அரண் எழுப்பிப் பொலிசாரை எதிர்த்து நின்றனர். 14ஆம் திகதி இராணுவக் கல்லூரி மாணவரும் கிளர்ந்து ஜனாதிபதி மாளிகையை நோக்கிப் புறப்பட்டனர், அவர்கள் முறியடிக்கப்பட்டனர். 16ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. கட்டாய அம்மைப்பாலும் நிறுத்திவைக்கப்பட்டது. பொதுவாகக் கூறப்படும் கணக்கின்படி 30 பேர் மாண்டனர். 110 பேர் காயமடைந்தனர். 945 பேர் கைதாயினர். அவர்களுள் 461 பேர் தொலைதூர அக்றே காட்டுப் பிரதேசத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். அங்கே அனுப்பப்பட்டோர் அரசியல்வாதிகள் அல்லர், பெரும்பாலும் ஏழைகளே.

சட்டம் தோற்றது. ஆனால் பெரியம்மை தோற்கவில்லை. நான்கே ஆண்டுகளின் பின், 1908இல், அது மீண்டும் வந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. இம்முறை எவரும் கட்டாயப்படுத்தாமலே மக்கள் தாமாகச் சென்று கையை நீட்டினர். வீதிக் கலகத்தால் விலக்கப்பட்ட ஊசியைச் சவக்குழிகள் கொண்டுவந்து சேர்த்தன. இந்த மரணங்களுக்கு யார் பொறுப்பு? பீதியைக் கிளப்பிய பேச்சாளர்களா? மக்களின் மனத்தை ஆயத்தப்படுத்தாமல் பத்திரத்தையும் தண்டத்தையும் முன்னே நிறுத்திய அதிகாரிகளா? நியாயமாகப் பார்த்தால் இரு பகுதியாருமே பதில் கூற வேண்டியவர்கள். மஞ்சட் காய்ச்சலுக்கு எதிராகப் போராடியபோது மக்களுக்கு அறிவுரைகளை அச்சிட்டு வழங்கிய குரூஸ், அம்மைப்பால் விடயத்தில் சட்டத்தையே பெரிதும் நம்பினார். விஞ்ஞானத்தில் அவர் பிழைக்கவில்லை. மனிதரை அறிவதிலே தவறினார்.

புகழும் முடிவும்

1907இல் ஜேர்மனியின் பேர்ளின் நகரில் நடைபெற்ற சர்வதேச சுகாதார மாநாட்டில் றியோ நகரின் பணிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஊரிலே ஏசப்பட்டவர் வெளிநாட்டிலே புகழப்பட்டு வீரனாகத் திரும்பினார். மங்கின்யோஸ் நிலையத்துக்கு 1908இல் அவருடைய பெயரே சூட்டப்பட்டது. 1909இல் பணிப்பாளர் நாயகம் பதவியைத் துறந்து, ஆய்வுக்கே தம்மை ஒப்படைத்தார். அவருடைய சீடராகிய கார்லோஸ் சாகஸ் அதே ஆண்டில், இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் ஒரு நோயைக் கண்டறிந்தார். 1910இல் குரூஸ் அமேசன் காட்டுக்குச் சென்று, புகையிரதப் பாதை அமைத்த தொழிலாளரைக் கொன்றுவந்த மலேரியாவை ஆராய்ந்தார். பெலேம் நகரின் மஞ்சட் காய்ச்சலையும் ஒழித்தார்.

சிறுநீரக நோய் அவருடைய உடலை வாட்டிற்று. 1916இல் பெற்றோப்பொலிஸ் என்னும் மலைநகரின் முதல்வராக நியமிக்கப்பட்டார். எனினும் நோய் முற்றி, 1917 பெப்ரவரி 11ஆம் திகதி, நாற்பத்துநான்காவது வயதில் காலஞ்சென்றார். அவ்வாண்டு மே மாதம் றியோ நகர மண்டபமொன்றில் அவருக்காக நடைபெற்ற அஞ்சலிக் கூட்டத்தில் பேருரை ஆற்றியவர் யார் தெரியுமா? செனற் சபையில் அவருடைய சட்டத்தை எதிர்த்து முழங்கிய அதே றுயி பார்போசா! கருத்திலே முரண்பட்டவரின் பெருமையை மனம்விட்டுப் போற்றுவதற்கு அவருக்கு மனம் இருந்தது.

பிறேசிலின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1971இல் அதே றியோ நகரில் காணப்பட்டார். 1980ஆம் ஆண்டு மே மாதம் உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் பிரகடனம் செய்தது. கொரோனாக் காலத்தில் பிறேசிலின் தடுப்பூசிகளில் ஒரு பகுதியைத் தயாரித்ததும் குரூசின் பெயர் தாங்கிய நிலையமே. அப்பொழுதும் பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. 2020 டிசம்பரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தடுப்பூசி ஏற்றாதவர் சில இடங்களுக்குச் செல்வதையும் சில அலுவல்களில் ஈடுபடுவதையும் சட்டம் மட்டுப்படுத்தலாம். ஆனால் எவரையும் பிடித்து வைத்து ஊசி ஏற்றலாகாது என்பதே அத்தீர்ப்பு. 1904இல் குரூசும் பார்போசாவும் தனித்தனியே பற்றி நின்ற இரு நியாயங்களும் அதிலே ஒருங்கே இடம்பெற்றன.

அயலவன் பிள்ளையின் உயிருக்கு நாமும் பொறுப்பாளிகள் என்பது ஓர் உண்மை. அயலவனுடைய உடலும் மானமும் எமது கைப்பொருள் அல்ல என்பது மற்றோர் உண்மை. இவ்விரண்டில் ஒன்றை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு, றியோ நகரின் வீதிகளில் விழுந்தவர்களும் 1908இன் புதைகுழிகளில் உறங்குபவர்களும் சாட்சிகள்.