பறவைகளுக்காகப் பேசிய ரேச்சல் கார்சன்

எங்க ஊரில் பூச்சிக்கொல்லி என்று யாரும் சொல்லமாட்டோம். மருந்து என்றுதான் சொல்வோம். அப்பா வயலுக்கு மருந்து அடிச்சிட்டு வந்தா அன்னிக்கு ராத்திரி சோறு இறங்காது. தலைசுத்தும், வாந்தி வரும். அதெல்லாம் சகஜம் என்று இருந்துவிடுவோம். கெமிக்கல் பிரிவில் சேர்ந்த பிறகு ரேச்சல் கார்சன் வாழ்க்கையைப் படித்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் 1907 மே 27-ல் பிறந்தவர் கார்சன். எழுத்தாளராகும் ஆசையில் கல்லூரியில் ஆங்கிலம் எடுத்தார். நடுவில் உயிரியலுக்கு மாறினார். 1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முதுகலைப் பட்டம் பெற்றார். மேலே படிக்க வீட்டு நிலைமை இடம் தரவில்லை. 1935-ல் தந்தை இறந்தார். 1937-ல் அக்காவும் போய்விட, அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் இவர் பொறுப்பில் வந்தார்கள். அரசு மீன்வளத் துறையில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கினார். ராத்திரியில் கடலைப் பற்றி எழுதினார். 1951-ல் வந்த கடல் நூல் பெரும் புகழ் தந்தது. மறு வருஷம் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

அந்தக் காலத்தில் டி.டி.டி. என்றால் அதிசயப் பொருள். அதன் பூச்சி கொல்லும் திறனைக் கண்டுபிடித்ததற்கு 1948-ல் நோபல் பரிசே கிடைத்தது! விமானத்திலிருந்துகூடத் தெளித்தார்கள். 1958-ல் மாசசூசெட்ஸிலிருந்து ஒரு தோழியின் கடிதம் வந்தது. கொசுவுக்குத் தெளித்ததில் தன் வீட்டருகே பறவைகள் செத்து விழுந்ததாக எழுதியிருந்தார். கார்சன் சும்மா இருக்கவில்லை. நான்கு வருஷம் ஆதாரம் திரட்டினார். எல்ம் மரத்துக்குத் தெளித்த டி.டி.டி. இலையோடு தரையில் உதிர்கிறது. இலையை மண்புழு தின்கிறது, புழுவை ராபின் பறவை தின்கிறது, பறவை சாகிறது. இந்தச் சங்கிலியை யாருக்கும் புரியும்படி எழுதினார். பூச்சியோடு மற்ற உயிர்களையும் கொல்வதால் இவற்றை உயிர்க்கொல்லி என்பதே சரி என்றார்.

1960-ல் அவருக்கு மார்பகப் புற்றுநோய். அதை வெளியே சொல்லவில்லை. தெரிந்தால், நோயால் வந்த கோபத்தில் எழுதுகிறாள் என்று எதிரிகள் தள்ளிவிடுவார்களே! 1962 செப்டம்பரில் மௌன வசந்தம் நூல் வெளிவந்தது. ரசாயனக் கம்பெனிகள் பாய்ந்தன. பதற்றக்காரப் பெண் என்று ஏளனம் செய்தார்கள். அவர் ரசாயனமே கூடாது என்று சொல்லவில்லை. கண்மூடித்தனமாக அடிக்காதே, மக்களிடம் உண்மையைச் சொல் என்றுதான் கேட்டார். 1963-ல் அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழுவின் அறிக்கை அவர் பக்கம் நின்றது. அந்த ஜூனில் உடல் நோவோடு செனட் குழு முன்னால் சாட்சி சொன்னார். 1964 ஏப்ரல் 14-ல் 56 வயதில் மறைந்தார். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யை விவசாயத்துக்குத் தடை செய்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் இப்படிப்பட்ட பொருள் தயாரிக்கும் ஆலையில்தான் நிற்கப்போகிறோம். தெரிந்தவன் வாய் திறக்கணும், அதுவும் புரியும்படி சொல்லணும். இதுதான் அவர் வாழ்க்கையில் நான் கற்ற பாடம். போன லீவில் மருந்து டப்பாவை எடுத்து, அதிலுள்ள சிவப்பு அடையாளம் மிகக் கொடிய விஷம் என்று அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். எங்க வீட்டில் அதைப் படித்துச் சொல்ல இத்தனை நாளாக ஆள் இல்லை. உங்க வீட்டிலும் டப்பா இருக்கும். ஒருமுறை எடுத்துப் படித்துக் காட்டுங்களேன்!