பேர்மிட்டா, உறுதியா?
டீ.எஸ். சேனநாயக்கவின் பழைய தொழில்களும் திருகோணமலைக் காணிகளும்

திருகோணமலையில் காணி வாங்க வருபவரிடம் தரகர் முதலில் விலை சொல்வதில்லை. காணி பேர்மிட்டா, உறுதியா என்பதைத்தான் முதலில் சொல்வார். உறுதிக் காணி என்றால் பேச்சு தொடரும். பேர்மிட் என்றால் குரல் தாழும். நிலாவெளியிலிருந்து வெருகல் வரை, சீனன்குடாவிலிருந்து கந்தளாய் வரை, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கை இந்த இரண்டு சொற்களுக்கு இடையில் கிடக்கிறது. அந்தப் பேர்மிட்டை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் 1952இல் இறந்துபோனார். அவரை நாம் முதலாவது பிரதமராகவும், மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தவராகவும் அறிவோம். அதற்கு முன் அவர் நில அளவைத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

நான் காணித் தரகன். துறைமுகத்தை அண்டிய பகுதியில்தான் பெரும்பாலும் என் வேலை. அதற்கு முன் பல ஆண்டுகள் நில அளவையாளர் ஒருவருக்குச் சங்கிலி பிடித்தேன். போருக்குப் பின் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் பிறவித் தரகர் யாரும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார், லொறி ஓட்டியவர் இருக்கிறார், கச்சேரியில் கோப்புத் தூக்கியவர் இருக்கிறார், கடலுக்குப் போக முடியாமல் கரைக்கு வந்தவரும் இருக்கிறார். ஒரே காணியை நால்வரும் நான்கு விதமாகப் பார்ப்பார்கள். ஆசிரியர் எத்தனை பிள்ளைகள், யாருக்குச் சீதனம் என்று கேட்பார். லொறி ஓட்டியவர் பாதையின் அகலத்தைப் பார்ப்பார். கோப்புத் தூக்கியவர் கடிதத்தின் திகதியைப் பார்ப்பார். என் கண் எல்லைக் கல்லைத் தேடும். பழைய தொழில் ஒருவரை விட்டுப் போவதில்லை. அந்தக் கணக்கில்தான் சேனநாயக்கவின் வாழ்க்கையையும் நான் வாசித்துப் பார்த்தேன்.

வரைபட மேசை

டொன் ஸ்டீபன் சேனநாயக்க 1884 ஒக்டோபர் 20ஆம் திகதி மீரிகமவுக்கு அருகிலுள்ள போத்தலையில் பிறந்தார். தந்தை டொன் ஸ்பேட்டர் காரீயச் சுரங்கத்தில் பணம் சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கியவர். மகன் முகத்துவாரத்தில் இருந்த புனித தோமையர் கல்லூரியில் படித்தார். படிப்பில் பெரிய பெயர் எடுக்கவில்லை. விளையாட்டிலும் வெளிவேலையிலும்தான் ஆர்வம். பள்ளியை விட்டபின் கிடைத்த வேலை நில அளவைத் திணைக்களத்தில்.

அங்கே அவர் இருந்தது சிறிது காலமே. ஆனாலும் அந்த மேசையில் ஒருவர் என்ன பார்த்திருப்பார் என்பதை என்னால் சொல்ல முடியும். 1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டத்தின்படி, எழுத்தில் உரிமை காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்குச் சொந்தம். அதன்பின் வரைபடத்தில் யாருடைய பெயரும் எழுதப்படாத இடம் அரச காணி. சேனைப்பயிர் செய்தவர் அந்தத் தாளில் இல்லை. மாடு மேய்த்தவர் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் குளக்கட்டுக்கு வந்து வேட்டையாடியவரும் இல்லை. கொட்டியாரத்துக் காடுகளிலும் வெருகல் கரையிலும் வாழ்ந்த வேடர் குடும்பங்களுக்கு உறுதி எங்கிருந்து வரும்? சங்கிலி பிடித்த காலத்தில் நானும் இதைக் கண்டிருக்கிறேன். நிலத்தில் நின்றால் ஒரு காட்டுப் பாதையில் நான்கு ஊரின் தடம் தெரியும். பிளானில் அது வெள்ளையாக இருக்கும்.

தோட்டமும் சுரங்கமும்

அரசாங்க வேலையை விட்டபின் அவர் குடும்பத் தோட்டங்களுக்குப் போனார். இலங்கைக்கு இறப்பர் புதிதாக வந்த காலம் அது. காட்டை வெட்டி, எரித்து, வரிசை கட்டி நட்டார். குடும்பத்தின் காரீயத் தொழிலையும் கவனித்தார். காட்டோடு வாழ்ந்ததால் காட்டு ஜோன் என்று பொருள்படும் பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. கொழும்புக் கறுவாத்தோட்டத்து அரசியல்வாதிகளுக்கு இல்லாத ஒன்று இதனால் அவருக்குக் கிடைத்தது. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து என்ன விளையும் என்று அவரால் சொல்ல முடிந்தது. இதை அவருடைய எதிரிகளும் மறுத்ததில்லை.

ஆனால் தோட்ட முதலாளியின் கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. காடு என்பது வெட்ட வேண்டியது. தொழிலாளி என்பவர் வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர். வேலை முடிந்தால் அவருக்கும் அந்த மண்ணுக்கும் தொடர்பு இல்லை. 1946இல் கேகாலைப் பக்கத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை, நம்மவர் உருளவள்ளி என்று சொல்லும் தோட்டத்தை, கிராம விஸ்தரிப்புக்காக அரசு எடுத்தது. தலைமுறையாக அங்கே உழைத்த இந்திய வம்சாவளித் தொழிலாளரை வெளியேறச் சொன்னார்கள். தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அப்போது காணி அமைச்சர் அவர்தான். இரண்டு ஆண்டுகளில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. உருளவள்ளியில் ஒரு தோட்டத்துக்கு நடந்தது, அந்தச் சட்டத்தால் ஒரு சமூகத்துக்கே நடந்தது.

மதுவிலக்கும் சிறையும்

அவருடைய அண்ணன் எப்.ஆர். சேனநாயக்க மதுவிலக்கு இயக்கத்தின் முன்னணியில் நின்றார். தம்பியும் கூடவே ஊர் ஊராகப் போனார். சிங்களக் கிராமங்களில் கூட்டம் கூட்டுவது எப்படி, விகாரை முற்றத்தில் பேசுவது எப்படி என்பதையெல்லாம் அங்கேதான் கற்றார். 1915இல் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தின்போது ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் போட்டு, அவரையும் அண்ணனையும் மற்றச் சிங்களத் தலைவர்களையும் வழக்கில்லாமல் சிறையில் அடைத்தனர். அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இங்கிலாந்து சென்று திரும்பிய இராமநாதனைச் சிங்களத் தலைவர்கள் வண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்த கதையை நம் வீடுகளில் சொல்லாதவர் இல்லை.

கிராமத்தில் அவர் கண்ட துன்பம் உண்மையானது. ஈரவலயத்தில் காணி சிறுத்துக்கொண்டே போனது. பெருந்தோட்டங்கள் கிராமத்தைச் சுற்றி வளைத்தன. விவசாயி கடனுக்குக் காணியை இழந்தான். அவர் மனதில் விவசாயி என்றால் இந்த மனிதன்தான். தம்பலகாமத்து வயற்காரரும் மூதூர் முஸ்லிம் விவசாயியும் அந்தப் படத்தில் இருந்தார்களா என்பது வேறு கேள்வி.

காணி அமைச்சர்

1924இல் சட்டசபைக்குப் போன அவர், 1927இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழுவில் உறுப்பினரானார். டொனமூர் யாப்பின் கீழ் 1931இல் விவசாய, காணி அமைச்சர். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அவருடைய கையால் வந்தது. அவர் செய்த வேலைகள் அத்தனையும் இந்தச் சட்டத்தில் கூடி நிற்கின்றன.

அளவைத் திணைக்களத்திலிருந்து வந்தது துண்டு. காட்டை அளந்து, இலக்கமிட்டு, ஆரம்பக் குடியேற்றங்களில் ஐந்து ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுநிலமுமாகக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்தார்கள். தோட்டத்திலிருந்து வந்தது முகாமை. எங்கே வெட்டுவது, எப்போது நடுவது, யார் மேற்பார்வை செய்வது என்று எல்லாம் மேலிருந்து முடிவானது. கிராமத்தில் கண்ட கடன்காரனிடமிருந்து வந்தது தடை. பேர்மிட் காணியை அனுமதியின்றி விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, குறித்த அளவுக்குக் கீழே துண்டாக்க முடியாது. உரிமையாளர் பின்னுரித்தாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். நியமிக்காமல் இறந்தால் சட்டத்தின் அட்டவணைப்படி போகும். அந்த அட்டவணையில் மகளுக்கு முன் மகன். இது திருத்தப்பட 2022 வரை ஆனது.

ஏழை தன் காணியை விற்றுவிடுவான் என்ற பயத்தில் எழுதிய சட்டம் இது. நோக்கத்தில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விற்க முடியாதவரின் காணிக்கு அரசுதான் என்றைக்கும் எசமான். யாருக்குக் கொடுப்பது என்பதைக் காணிக் கச்சேரியில் அதிகாரி தீர்மானிப்பார். அந்த அதிகாரியைக் கொழும்பு தீர்மானிக்கும். 1936இல் அமைச்சரவை முழுவதும் சிங்களவராக அமைந்தபோது, அந்தப் பேனா எந்தப் பக்கம் சாயும் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

துறைமுகம் என்ற காணி

திருகோணமலையோடு அவருக்கு இன்னொரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. இந்த நீர்ப்பரப்பின் பெறுமதி அன்றைக்கு உலகத்துக்கே தெரிந்தது. 1947 நவம்பரில் சேனநாயக்க பிரித்தானியாவுடன் மூன்று உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டார். அவற்றில் ஒன்று பாதுகாப்பு உடன்படிக்கை. திருகோணமலைக் கடற்படைத் தளமும் வான்படைத் தளங்களும் ஆங்கிலேயர் கையிலேயே இருக்கும். 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம் வந்தது. ஆங்கிலக் கடற்படை இங்கிருந்து போனது 1957 ஒக்டோபரில், பண்டாரநாயக்கவின் ஆட்சியில்.

தரகனாக இதைப் பார்க்கிறேன். வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள, வாசலை முன்னைய உரிமையாளரின் பாவனைக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் இது. பேரம் பேசத் தெரிந்த மனிதர்தான். ஆனால் அந்த வாசலைச் சுற்றி வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி இன்றும் கொழும்பும் டெல்லியும் பேசுகின்றன. அப்போதும் கேட்பதில்லை.

அவருக்குப் பின்

1952 மார்ச்சில் காலிமுகத்திடலில் குதிரைச் சவாரியின்போது விழுந்த அவர், 22ஆம் திகதி இறந்தார். அவர் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1956இல் அந்தக் குடியேற்றத்திலேயே தமிழர் வெட்டப்பட்டனர். கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றங்களின் பெரும்பகுதி அவருக்குப் பின்னர், 1950களில் நடந்தது. ஆனால் சட்டமும் முறையும் அவருடையவை. 1881இல் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடச் சிங்களவர் இல்லை. 1981இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 1976இல் சேருவில என்று தனித் தொகுதியும் பிரிந்தது.

தமிழரசுக் கட்சி 1956 ஓகஸ்டில் திருகோணமலையில் மாநாடு கூட்டி, திட்டமிட்ட குடியேற்றத்தை நிறுத்தக் கோரியது இதனால்தான். 1957இல் பண்டா - செல்வா ஒப்பந்தம் குடியேறுவோரைத் தெரியும் அதிகாரத்தைப் பிராந்திய சபைகளுக்குக் கொடுக்கப் பார்த்தது. 1965இல் செல்வநாயகத்துடன் கையெழுத்திட்டவர் சேனநாயக்கவின் மகன் டட்லி. வடக்குக் கிழக்கில் காணி முதலில் அந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கு, அடுத்து வடக்குக் கிழக்கிலுள்ள தமிழ்பேசும் மக்களுக்கு என்று அதில் எழுதப்பட்டது. தந்தையின் முறையைத் திருத்த மகனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. இரண்டு ஒப்பந்தங்களும் தாளோடு நின்றன.

அல்லைத் திட்டத்துக்குத் தண்ணீர் விடும் மாவிலாற்றின் கதவு 2006 ஜூலையில் மூடப்பட்டபோது கடைசிப் போர் தொடங்கியது. மூதூர் ஓடியது. சம்பூர் ஒன்பது ஆண்டுகள் ஊரில்லாமல் கிடந்தது. அந்த வாய்க்காலின் மறுமுனையில் தண்ணீருக்காகக் காத்திருந்த சிங்கள விவசாயியும் ஏழைதான், அவனும் ஓடினான் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. வெள்ளைத் தாளில் கோடு போட்டவர்களின் பிழையை மண்ணில் நின்றவர்கள்தான் எல்லாப் பக்கத்திலும் சுமந்தார்கள்.

சேனநாயக்க கெட்டவரா, நல்லவரா என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. தனக்குத் தெரிந்த தொழிலின் கண்ணால் அவர் நாட்டைப் பார்த்தார். அந்தக் கண்ணுக்குக் காடு தெரிந்தது, குளம் தெரிந்தது, சிங்களக் கிராமத்துப் பசி தெரிந்தது. ஏற்கெனவே அங்கே இருந்தவர் தெரியவில்லை. இன்று காணி ஆணையாளராகவோ, பிரதேச செயலாளராகவோ, தொல்பொருள், வன இலாகா அதிகாரியாகவோ கோடு போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். தரகர்களாகிய எங்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக வாசகருக்கு ஒரு வேலை. இடப்பெயர்வில் பேர்மிட் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். பேர்மிட் உங்கள் கணவர் பெயரிலோ தந்தை பெயரிலோ இருந்து அவர் இல்லாமல் போயிருந்தால், பின்னுரித்தாளர் நியமனம் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தில் இருக்கும் கிணறு, பழைய மரம், கொட்டில் அத்திவாரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பேர்மிட் காணியை முத்திரைத்தாளில் எழுதி விற்கலாம் என்று எந்தத் தரகர் சொன்னாலும், அவருடைய பழைய தொழில் எதுவாக இருந்தாலும், கையெழுத்து வைக்காதீர்கள்.