பட்டம் பின்னால் வந்தது

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத பிள்ளையின் எதிர்காலம் இருண்டுவிட்டதென்று கலங்கும் பெற்றோர் நம்மிடையே பலர். பிள்ளை கலையில் நாட்டமுள்ளதாயின் அக்கவலை இரட்டிப்பாகும். அத்தகையோர் இசைமேதை யோசேப் ஹைடனின் வாழ்வைச் சற்று நோக்குதல் நலம்.

1732ஆம் ஆண்டு பங்குனி 31ஆந் திகதி ஒஸ்திரியாவின் ரோறவ் கிராமத்தில் ஹைடன் பிறந்தார். தந்தை வண்டிச் சில்லுகள் செய்யும் தொழிலாளி. தாய் பிரபு ஒருவரின் மாளிகையில் சமையல் செய்தவர். சிறுவனின் குரல்வளத்தைக் கண்ட உறவினரான ஆசிரியர் ஒருவர் அவரைத் தம்மோடு அழைத்துச்சென்று இசையின் அரிச்சுவடியைக் கற்பித்தார். 1740 அளவில் வியன்னா நகரின் புனித முடியப்பர் பேராலயப் பாடகர் குழுவில் ஹைடன் சேர்க்கப்பட்டார். பாடக் கற்ற அவருக்கு இசையாக்கும் முறையை அங்கு எவரும் ஒழுங்காகப் போதிக்கவில்லை.

குரல் உடைந்ததும் அவருக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. பதினேழு வயதளவில், கையிற் காசின்றித் தெருவுக்கு வந்தார். மாடியறை ஒன்றில் வறுமையோடு வாழ்ந்து, பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். ஃபுக்ஸ் என்பவர் எழுதிய இசையிலக்கண நூலைத் தாமே கற்றுப் பயிற்சிகளைச் செய்தார். இத்தாலிய இசையாசிரியர் பொர்ப்போறாவுக்கு ஏவல் வேலைகளையும் செய்து, அவரிடம் நுட்பங்களைக் கற்றுக்கொண்டார்.

1761இல் எஸ்டர்ஹாசி பிரபுக்களின் இசைக்குழுவில் பணியேற்ற அவர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கு உழைத்தார். எழுதியதை இசைக்குழு வாசிக்கக் கேட்டுத் திருத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகள் அவர் கையிலிருந்து பிறந்தன. பல்கலைக்கழகத்திற் கால்வைத்துக் கற்காத அவருக்கு 1791இல், தமது 59ஆவது வயதில், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. திருமறையின் சிருஷ்டி வரலாற்றைப் பாடும் அவரது 'படைப்பு' 1798இல் வியன்னாவில் அரங்கேறியது.

ஆண்டவரின் நாமத்தால் இசையேட்டைத் தொடங்கி, இறைவனுக்குத் துதி எழுதி முடிப்பது அவர் வழக்கம். கற்பனை ஓடாத வேளையில் செபமாலையைக் கையிலெடுப்பாராம். 1809 வைகாசி 31இல் இறைவனடி சேர்ந்தார்.

வைத்தியராகவோ பொறியியலாளராகவோ விரும்புவோருக்குப் பட்டம் இன்றியமையாதது. கலைஞனுக்குப் பட்டம் கட்டாயமன்று, கல்வியோ கட்டாயம். வகுப்பறையில்லாத கல்விக்கு இரட்டிப்பு உழைப்பு வேண்டும். பெற்றோரே, பட்டம் கிடைக்காத பிள்ளையை ஏசாதீர்கள். அவனுக்கு நல்லதோர் ஆசானைத் தேடிக்கொடுங்கள், நாள்தோறும் பயில்கிறானா என்று கவனியுங்கள், அவனுக்காகச் செபியுங்கள்.